“உங்களுக்கு மட்டும்தான் இப்படி” – இதைக் கேட்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#1 பழைய நம்பர்

மூன்று மாதக் கதை. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியுமா தெரியவில்லை.

வங்கிக் கணக்கில் பதிந்து வைத்திருந்த செல்பேசி எண்ணை நான் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன், எண் போய்விட்டது. வங்கியில் அப்போதே மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய ஒரு நாளில்தான் ஞாபகம் வந்தது. செயலியில் ‘எண்ணை மாற்று’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். “உங்கள் பாதுகாப்புக்காக ஓடிபி அனுப்பியிருக்கிறோம்” என்றது. எந்த எண்ணுக்கு? பழைய எண்ணுக்கு.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை. அப்புறம் ஒரு பெண் எடுத்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். “ஓடிபியைச் சொல்லுங்கள் சார், உடனே மாற்றித் தருகிறேன்.” அந்த எண் என்னிடம் இல்லை, அதை மாற்றத்தான் அழைக்கிறேன் என்றேன். “புரிகிறது சார். மாற்றுவதற்கு ஓடிபி வேண்டும் சார்.” இரண்டு பேரும் இதையே மூன்று தடவை சொல்லிக்கொண்டோம். கடைசியில் கிளைக்குப் போகச் சொன்னார்.

கிளையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்து ‘கையெழுத்து பொருந்தவில்லை’ என்று திரும்பி வந்தது. மறுபடியும் நிரப்பினேன், இந்தத் தடவை பழைய கையெழுத்தை வீட்டில் பத்து முறை எழுதிப் பார்த்துவிட்டுப் போனேன். ஏற்றுக்கொண்டார்கள். “எல்லாம் முடிந்தது சார். உறுதிசெய்யச் சொல்லி ஒரு எஸ்எம்எஸ் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.” எங்கே வரும் என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய எண்ணுக்கு.

மேலாளர் அறைக்குப் போனேன். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “என் சர்வீஸில் இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது” என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, கையில் அதே படிவம். சும்மா கேட்டேன். “பழைய நம்பருக்குத்தான் ஏதோ வருதாமே தம்பி” என்றார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞர். பேச்சைக் கேட்டுத் திரும்பி, “எனக்கும் அதேதான்” என்றார். நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர்.

தீர்வு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதைவிட எனக்கு ஒரு சந்தேகம்: இந்த ஒரு வாக்கியத்தைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்களா?

#2 காரசாரம்

சொல்லித்தான் அனுப்புவார்கள். ‘வேறு யாரும் சொல்லவில்லையே’ என்பதும் அதே பாடத்தில் வரும். தலைமையகம் வாடிக்கையாளரைத் தெய்வம் என்று விளம்பரம் போடும், கவுன்டரில் போய் நின்றால் நம்மைக் கொசு மாதிரி பார்ப்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டார். எந்த வங்கி என்று பெயரைப் போடுங்கள், நாறட்டும்.

#3 நடுவர்

பெயர் வேண்டாம். பெயர் போட்டால் பேச்சு அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியதாகச் சுருங்கிவிடும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

#4 ஹெட்செட்

#1க்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். ஐந்து வருடம் அழைப்பு மையத்தில் வேலை பார்த்தேன். வங்கி இல்லை, வேறு துறை. ஆனால் எல்லா இடத்திலும் அடுப்பு ஒன்றுதான், பாத்திரம்தான் வேறு.

யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை சார். எங்கள் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது உண்மையாகவே அப்படித்தான் தெரியும், அதுதான் கொடுமை.

எப்படி என்று சொல்கிறேன். அழைப்பு முடிந்ததும் என்ன புகார் என்று திரையில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பில் தகராறு, இணைப்பு இல்லை, வேகம் குறைவு, ஓடிபி வரவில்லை என்று ஒரு இருபது இருக்கும். கடைசியில் ‘இதர’. உங்கள் பிரச்சினை அந்தப் பட்டியலில் இல்லை. ‘இதர’வைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி திறக்கும், அதில் விவரமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். செய்யலாம். ஆனால் ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிடம் என்று எங்களுக்குக் கணக்கு உண்டு, தட்டச்சு செய்யும் நேரமும் அந்தக் கணக்கில்தான் வரும். அதனால் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். நீங்கள் பேசிய அழைப்பு ‘ஓடிபி வரவில்லை’ என்று பதிவாகியிருக்கும். பக்கத்திலேயே ‘வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது’ என்று எழுதி மூடியிருப்பார்கள்.

மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கையில் ஒரு வட்ட வரைபடம் இருக்கும். ‘இதர’ என்பது அதில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. ஐந்து வருடத்தில் ஒருவர்கூட அந்தத் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உள்ளே ஒன்றும் இருந்திருக்காது, நாங்கள்தான் எழுதவே இல்லையே.

ஆக, நூறு பேர் இதே புகாரைச் சொல்லியிருந்தாலும், மேலாளர் பார்க்கும் கணினியில் அது பூஜ்யம். பொய் சொல்லவில்லை அவர்.

அந்த நாற்பது நிமிட இசைக்கும் ஒரு கதை உண்டு. ஆல்ஃபிரட் லெவி என்று அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை முதலாளி. அவருடைய தொழிற்சாலையில் ஒரு கம்பி கட்டடத்தின் இரும்பில் பட்டுப் பக்கத்து வானொலி நிலையத்தின் பாட்டு தொலைபேசியில் கசிந்ததாம். காத்திருப்பவர்களுக்கு இது நன்றாக இருக்கிறதே என்று 1962இல் விண்ணப்பித்து 1966இல் காப்புரிமையும் வாங்கினார். சத்தமே இல்லாவிட்டால் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் வைத்துவிடுவீர்கள், அதற்காகத்தான் இசை. சில இடங்களில் நீங்கள் வைத்துவிட்டால்தான் நல்லது என்றும் நினைப்பார்கள். அது வேறு கதை.

#5 வாசிப்பவன் மட்டும்

பத்து வருடமாகப் படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் பதிவு. அந்தச் சாம்பல் துண்டில்தான் நான் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன்.

#6 ஓய்வுபெற்ற எழுத்தர்

காரசாரம் தம்பிக்கு. முப்பத்தொரு வருடம் கவுன்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். பூசாரி என்று சொன்னீர்கள். பூசாரியிடம் சாவி இருக்கும். எங்களிடம் என்ன இருந்தது? ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் மட்டும்தான். ‘சரி’ என்று சொல்ல மூன்று கையெழுத்து வேண்டும், ‘முடியாது’ என்று சொல்ல ஒரு கையெழுத்துகூட வேண்டாம். விதியை மீறி ஒருவருக்கு நல்லது செய்து, அது நாளைக்குத் தணிக்கையில் மாட்டினால் என் ஓய்வூதியம் போகும். விதிப்படி நடந்து ஒருவரை ஆறு தடவை அலைக்கழித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு தராசைக் கையில் கொடுத்துவிட்டு, ஊழியருக்கு இரக்கம் இல்லை என்றால் எப்படி?

அதிகாரம் உள்ளவர் ஜன்னலில் உட்கார மாட்டார். ஜன்னலில் உட்காருபவருக்கு அதிகாரம் இருக்காது.

#7 காரசாரம்

ஐயா, விதி தடுப்பது புரிகிறது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? நான் கேள்வி கேட்கும்போது செல்பேசியை நோண்டிக்கொண்டே “அடுத்த கவுன்டர்” என்று விரல் காட்டினார்களே, அதற்கும் தணிக்கை பயமா? அடுத்த கவுன்டரில் நின்று முறை வந்ததும், “யார் இங்கே அனுப்பியது?” என்கிறார்கள். அனுப்பியவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

#8 ஓய்வுபெற்ற எழுத்தர்

அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது திமிர்தான். அப்படிப்பட்டவர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தினமும் இருநூறு பேர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டுமென்றால், சில பேர் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். நியாயப்படுத்தவில்லை. நானே சில வருடம் அப்படி இருந்தேன்.

#9 தூசிதட்டி

இந்த வாக்கியத்துக்கு வயது எவ்வளவு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு களிமண் பலகை இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1750. நன்னி என்பவர் எயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு ஆப்பெழுத்தில் எழுதிய புகார். மட்டமான செம்பைக் கொடுத்தாய், பணம் கேட்டு ஆள் அனுப்பினால் அவனை மதிக்காமல் வெறுங்கையோடு திருப்பினாய், அதுவும் எதிரி நாட்டு வழியாக நடந்து வந்தவனை, இனிமேல் செம்பை நானே பார்த்துப் பொறுக்கித்தான் எடுப்பேன் என்று போகிறது. இன்றைக்குப் பேனா பிடித்து எழுதினாலும் இதைத்தான் எழுதுவோம். கிடைத்த இடம் இன்றைய இராக்கில் உள்ள ஊர். ஆமாம், நகரத்தின் பெயரே ஊர்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. எயா-நாசிருடையது என்று கருதப்படும் வீட்டில் அந்தப் பலகை மட்டும் கிடைக்கவில்லை. வேறு ஆட்கள் எழுதிய புகார்ப் பலகைகளும் கிடைத்தன. நன்னியின் ஆளிடம் வாசலில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறதா? உள்ளே அலமாரியில் மற்றவர்களின் புகார் அடுக்கியிருக்க, வெளியே “உங்கள் எஜமானுக்கு மட்டும்தான் இப்படி”.

#10 பழைய நம்பர்

தூசிதட்டி, சிரித்துவிட்டேன். மூன்று மாதத்தில் இந்த விஷயத்துக்காக முதல் சிரிப்பு.

#11 குறுக்குவழி

எதற்கு இவ்வளவு சுற்றல்? பழைய எண் இப்போது யாரிடமாவது இருக்குமே. அழைத்து, ஓடிபியைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். முப்பது வினாடி வேலை.

#12 பூட்டுசாவி

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்பின் தெரியாதவர் ஃபோன் செய்து “உங்களுக்கு ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்” என்றால் அது மோசடிக்காரர்கள் பேசும் அச்சு அசல் வசனம். புத்தியுள்ளவர் வைத்துவிடுவார். சொல்லிக்கொடுப்பவராக இருந்தால் அது உங்களுக்கு இன்னும் ஆபத்து: உங்கள் கணக்கின் சாவி தன் கையில் இருக்கிறது என்று அவருக்கு நீங்களே அறிவித்ததாக ஆகும்.

இன்னொன்று. இங்கே எல்லோரும் வங்கியைத் திட்டுகிறோம். எண்ணை மாற்றுவது கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு ஒருவன் உங்கள் பெயரைச் சொல்லி எண்ணை மாற்றிக்கொண்டால் கணக்கு காலி. அந்தத் தடையைத் தளர்த்தச் சொன்னால் முதலில் எதிர்ப்பது நான்தான். ஆனால் எண்ணைத் தொலைத்தவர் என்று ஒருவர் வருவார் என்பதையே யோசிக்காமல் செய்திருக்கிறார்களே, அது பாதுகாப்பு இல்லை, அரைகுறை வேலை. எண்கள் மறுசுழற்சி ஆவது ரகசியமா என்ன? அமெரிக்காவில் கைவிட்ட எண்ணை மறுபடி இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு முன் குறைந்தது 45 நாள் சும்மா வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. 45 நாள்தான்! 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே புதிதாகக் கொடுக்கத் தயாராக இருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். 171 எண்கள் பிரபலமான இணையதளங்களில் யாரோ ஒருவருடைய கணக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றில் இரண்டு. அந்தப் பெஞ்சில் நான்கில் மூன்று பேர் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

#13 பழைய நம்பர்

உண்மையைச் சொல்கிறேன், நான் அழைத்துவிட்டேன். ஓடிபி கேட்க இல்லை, யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஒரு பெண் எடுத்தார். என் பெயரைச் சொன்னதும், “ஓ, அது நீங்கள்தானா?” என்றார். எட்டு மாதமாக என் வங்கியின் செய்தியெல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறதாம். எவ்வளவு செலவழிக்கிறேன் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வெட்கமாகிவிட்டது.

இதைக் கேளுங்கள். செய்தியை நிறுத்தச் சொல்லி அவர் அதே வங்கிக்கு இரண்டு தடவை அழைத்திருக்கிறார். நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, அதனால் உங்கள் புகாரைப் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறம் அந்த வாக்கியத்தையும் சொன்னார்களாம்: “இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை மேடம்.”

#14 ஹெட்செட்

வாடிக்கையாளர் எண் இல்லாமல் அந்தத் திரையே திறக்காது. அவர் ‘இதர’வில்கூட வரமாட்டார்.

#15 மழைக்காகிதம்

என்னுடையது மருத்துவமனைக் கதை. அம்மா அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்ப வேண்டும். காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனையிடமிருந்து ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்றது. மருத்துவமனை, என்ன விளக்கம் என்று காப்பீட்டு நிறுவனம் கடிதம் கொடுத்தால்தான் பதில் கொடுக்க முடியும் என்றது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து வரை நான் இரண்டு பேருக்கும் நடுவில் பந்து. இரண்டு பக்கமும் ஒரே வசனம்: “மற்றவர்களுக்கெல்லாம் சுலபமாக முடிந்துவிடுகிறதே.”

கடைசியில் மருத்துவமனை மேஜைக்கு எதிரே நின்றுகொண்டே காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, செல்பேசியை மேஜை மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். “நீங்கள் இரண்டு பேரும் பேசுங்கள்.” நான்கு நிமிடம். தேவைப்பட்டது கடிதமே இல்லை, ஒரு தேதி. அறுவை சிகிச்சைத் தேதி ஒரு தாளில் 6, இன்னொரு தாளில் 8.

ஏழு மணி நேரம் அம்மா சக்கர நாற்காலியில், பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை எந்தப் பட்டியலில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

#16 காரசாரம்

மழை அக்கா, ஸ்பீக்கர் விஷயத்தைத் திருடிக்கொள்கிறேன்.

#17 நிகழ்தகவு

வரிசையைப் பற்றி ஒன்று. ‘ஊழியர்கள் எப்போதும் பிசி, அப்படியும் வரிசை குறையவில்லை’ என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். எப்போதும் பிசியாக இருப்பதால்தான் குறையவில்லை.

ஒரு கவுன்டர் என்று வையுங்கள். ஆட்கள் தோன்றிய நேரத்தில் வருகிறார்கள், ஒவ்வொருவர் வேலைக்கும் ஆகும் நேரம் வேறு வேறு. கவுன்டரில் இருப்பவருக்கு 80 சதவீத நேரம் வேலை இருந்தால், சராசரியாக 4 பேர் அங்கே இருப்பார்கள். 90 சதவீதம் ஆனால் 9 பேர். 95 ஆனால் 19 பேர். கூடுதலாக ஐந்து சதவீதம் வேலை வாங்கினால் கூட்டம் இரண்டு மடங்குக்கு மேல். இந்தக் கணக்குத் துறையே தொலைபேசியில் பிறந்ததுதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909இல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. நூறு வருடம் தாண்டிவிட்டது. அதனால் ‘இவ்வளவு கூட்டம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை’ என்ற பதிவுக் குரலை நான் நம்புவதில்லை. ஆள் குறைத்தவருக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று தெரியும். காத்திருக்கும் நேரத்துக்கு அவர் சம்பளம் கொடுப்பதில்லை, நாம்தான் கொடுக்கிறோம்.

#18 விலகமுடியாதவன்

சந்தாவை ரத்து செய்ய முயன்றவர்கள் யாரும் இல்லையா இங்கே? சேர ஒரு பொத்தான். விலக, ‘உறுதியாகவா?’, ‘ஏன் போகிறீர்கள்?’, ‘பாதி விலையில் தரட்டுமா?’, கடைசியில் ‘அலுவலக நேரத்தில் அழைக்கவும்’. நடுவில் ஒரு அழுமூஞ்சிப் பொம்மை வேறு.

ரிச்சர்ட் தேலர், 2017இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கியவர், இப்படி வேண்டுமென்றே வைக்கும் முட்டுக்கட்டைகளுக்கு ‘ஸ்லட்ஜ்’ என்று பெயர் சொல்கிறார். சகதி. கால் வைத்தால் இழுக்கும், சரியான பெயர்தான். ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் இணையத்திலேயே ரத்து செய்யும் பொத்தானையும் வைத்தாக வேண்டும் என்று சட்டம். அமெரிக்காவிலும் அப்படி ஒரு விதியை 2024இல் அறிவித்தார்கள், அமலுக்கு முழுதாக வருமுன்பே 2025இல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த ரத்து மட்டும் சீக்கிரம் நடந்திருக்கிறது.

#19 தூசிதட்டி

களிமண் பலகையைச் சொல்லிச் சிரித்தோம். இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

பிரிட்டனில் அஞ்சலகக் கிளைகளுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. கிளை நடத்துபவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைந்ததாகக் காட்டியது. அவர்கள் உதவி எண்ணை அழைத்தார்கள். வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்ற பதிலைக் கேட்டதாகப் பல பேர் பிறகு சாட்சி சொன்னார்கள். சொந்தப் பணத்தைப் போட்டு நிரப்பினார்கள். முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் சிறை போனார்கள். கணினி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே சட்ட மரபு. அது தவறு என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பாடு.

எப்படி உடைந்தது? அந்த ‘மட்டும்’கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததாக 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதற்குள் சிலர் செத்தே போயிருந்தார்கள்.

#20 வாசிப்பவன் மட்டும்

பழைய நம்பர் சார், அந்தப் பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பேரின் எண்ணை வாங்கினீர்களா?

#21 பழைய நம்பர்

அந்த இளைஞருடையது இருக்கிறது. அந்த அம்மா வாரம் ஒரு முறை வருவதாகச் சொன்னார்.

#22 ஓய்வுபெற்ற எழுத்தர்

அப்படியானால் நான் சொல்வதைச் செய்யுங்கள் தம்பி. வாயால் சொல்வது எதுவும் அலுவலகத்தில் நடந்ததாகவே கணக்கில்லை. கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம், அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பட்ட கஷ்டம், மனவேதனை, வங்கியின் பாரம்பரியம், ஒன்றும் வேண்டாம். தேதி, படிவ எண், யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். அதன் கீழே, “எந்த விதியின்படி இது முடியாது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி. இந்த வரிக்குத்தான் உயிர். ‘முடியாது’ என்பதற்குக் கையெழுத்து தேவையில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா? இது தேவைப்பட வைக்கும்.

மூன்று பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். சீல் இல்லை என்பார்கள். இருக்கும், இரண்டாவது இழுப்பறையில். இன்னொரு நகல் தலைமையகத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு. அதற்கும் மேலே, நிறுவனத்துக்கு வெளியே, மக்களின் புகாரை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் போல யாராவது இருந்தால் அந்தப் பெயரை நகல் பெறுநராகக் கீழே எழுதினாலே போதும், பாதி வேலை நடக்கும். ஸ்வீடனில் அப்படி ஒரு பதவியை 1809இலேயே போட்டுவிட்டார்கள். குமாஸ்தாக்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

#23 காரசாரம்

ஐயா, உங்களைத் திட்டியதற்கு மன்னிப்பு. இழுப்பறை விவரத்துக்காகவாவது.

#24 சாட்பாட்

சின்னத் தகவல். வங்கிச் செயலியிலுள்ள சாட்பாட் ஏதாவது உறுதி சொன்னால் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட், இறப்புக்காகப் பயணம் செய்பவருக்குப் பிறகு கட்டணச் சலுகை கேட்கலாம் என்று தப்பாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அந்தப் பயணி உரையாடலைப் பிடித்து வைத்திருந்தார்.

#25 பழைய நம்பர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எழுத்தர் ஐயா சொன்னபடியே செய்தோம். அந்த அம்மாவைப் பிடிக்க இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது.

சீல் இல்லை என்றார்கள். இரண்டாவது இழுப்பறையைப் பார்க்கச் சொன்னேன். முதல் இழுப்பறையில் இருந்தது ஐயா.

மேலாளர் மூன்று பெயரையும் படித்தார். அவர் முகம் மாறியது, கோபத்தில் இல்லை, குழப்பத்தில். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தலைமையகத்தை அழைத்தார். கொஞ்ச நேரம் ‘ம்… ம்…’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர், என் படிவத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

விஷயம் இதுதான். அந்தப் படிவத்துக்கு இரண்டு பக்கம். பின்பக்கத்தில் ‘பதிவு எண் தற்போது பயன்பாட்டில் இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் எஸ்எம்எஸ் போகாது, அடையாளச் சான்றை இரண்டு அதிகாரிகள் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். அச்சிட்ட படிவம் எப்போதோ தீர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் கடைசிப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார். முன்பக்கத்தை மட்டும். அன்றிலிருந்து அந்த நகலின் நகலின் நகல்தான் கவுன்டரில். மேலாளர் அந்தக் கிளைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

இரண்டே நாளில் மூன்று பேருக்கும் எண் மாறிவிட்டது. மேலாளர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மா அவரிடம், “எங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் வந்தாங்க?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

#26 பூட்டுசாவி

எட்டு மாதம் உங்கள் செய்திகளை வாங்கிய அந்தப் பெண்ணுக்குச் சொன்னீர்களா?

#27 பழைய நம்பர்

இன்று காலை அழைத்தேன். இனிமேல் தொல்லை இருக்காது என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவரே, “இப்போதுதான் ஒன்று வந்தது” என்றார். புகார்ப் பிரிவின் கணினி வேறாம், அதில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது போல. “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவும்.”

மூன்று போடச் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒன்று போட்டுவிட்டாராம்.

#28 ஹெட்செட்

அந்த ஒன்று மேலாளருக்கும் போகாது, ஜெராக்ஸ் எடுத்தவருக்கும் போகாது சார். கடைசியாக உங்கள் அழைப்பை எடுத்தவரின் கணக்கில்தான் ஏறும். அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம் இருக்கிறதா?